கமியோனெத்தா: ஒரு மஞ்சள் வண்டியின் மலை வாழ்க்கை

1939 ஏப்ரலில், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஏழு நாள் மாநாடு ஒன்று நடந்தது. கூட்டியவர் ஃபிராங்க் சைர் என்ற கல்வியாளர். அன்றைய அமெரிக்காவின் 48 மாநிலங்களிலிருந்தும் பள்ளிப் போக்குவரத்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். பேருந்து கட்டும் நிறுவனங்களின் பொறியாளர்களும் பெயின்ட் நிபுணர்களும் உடன் இருந்தார்கள். அதுவரை கிராமத்துப் பிள்ளைகள் லாரியிலும் குதிரை வண்டியிலும், ஊருக்கொரு நிறம் பூசிய பேருந்துகளிலும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டியின் நீளம், உயரம், உள்ளே நடக்கும் வழியின் அகலம் என்று 44 விதிகளை மாநாடு வகுத்தது. நிறத்தைத் தீர்மானிக்க எலுமிச்சை மஞ்சளில் தொடங்கி அடர்ந்த ஆரஞ்சுச் சிவப்பு வரை வண்ணப் பட்டைகளைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் நிறமே வேண்டும் என்று முடிவானது. அந்த மஞ்சள்தான் இன்றும் அமெரிக்கப் பள்ளிப் பேருந்தின் நிறம்.

அந்த மஞ்சளில் பிறந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, குவாத்தமாலாவின் மலைநாட்டில் வேறு நிறத்தில் ஓடி முடிகிறது ஒரு வண்டி. உள்ளூரில் அதற்குக் கமியோனெத்தா என்று பெயர். கோழிகளும் அதில் பயணம் செய்வதைப் பார்த்த வெளிநாட்டுப் பயணிகள் 'சிக்கன் பஸ்' என்பார்கள். ஆண்டுதோறும் ஏராளமான வண்டிகள் இந்தப் பாதையில் போகின்றன. ஒன்றின் வாழ்க்கையைச் சொன்னால் மற்றவற்றின் கதையும் ஏறக்குறைய விளங்கிவிடும்.

குழந்தைகளுக்காகக் கட்டிய உடம்பு

நம் வண்டி ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் வேலியில் பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஃபோர்டு கார் விற்றுக்கொண்டிருந்த லூஸ் என்பவர் 1927இல் தன் முதல் பேருந்தைக் கட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் புளூபேர்ட் நிறுவனம். குவாத்தமாலா சாலைகளில் ஓடும் பல வண்டிகளின் நெற்றியில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

1977இல் அமெரிக்க அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிப் பாதுகாப்பு விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வண்டி உருண்டாலும் கூரை நசுங்கக் கூடாது. வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரை தாங்க வேண்டும். தகடும் தகடும் சேரும் இடம் விபத்தில் பிய்ந்து குழந்தைகளைக் கிழிக்கக் கூடாது. மோதும் வேகத்தில் முன்னால் தூக்கி எறியப்படும் பிள்ளையை முன் இருக்கையின் முதுகே தாங்கிக்கொள்ளும்படி, இருக்கைகள் உயரமாகவும் பஞ்சு வைத்தும் இருக்க வேண்டும். பின்புறம் ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி ஒன்று கட்டாயம்.

இந்த வண்டி தன் முதல் வாழ்வைத் தாண்டியும் நிலைத்திருக்க இந்த விதிகள் முக்கியமான காரணம். யாரோ ஒருவருடைய பிள்ளை பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற கவலையிலிருந்து வந்த உறுதி அது. முதலாளியின் லாபக் கணக்கை மட்டும் பார்த்துக் கட்டியிருந்தால், மலைச்சாலையில் இத்தனை ஆண்டு குலுங்கியும் கட்டுக் குலையாத உடம்பு கிடைத்திருக்காது.

என்ஜின்களிலும் ஆயுள் நீண்டவை உண்டு. இன்டர்நேஷனல் நிறுவனத்தின் டிடி466 டீசல் என்ஜினை மெக்கானிக்குகள் கொண்டாடுவார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்லீவைத் தனியே கழற்றி மாற்றிவிடலாம். என்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே உட்புறத்தைப் புதுப்பித்துவிடலாம். நல்ல கை ஒன்று கிடைத்தால் அது மறுபடி மறுபடி பிழைத்தெழும்.

அமெரிக்காவில் அதன் வாழ்க்கை அமைதியானது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, கோடையில் நீண்ட ஓய்வு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பராமரிப்புச் செலவு ஏறத் தொடங்கும். பள்ளி மாவட்டம் வண்டியை ஏலத்துக்கு அனுப்பிவிடும். சில ஆயிரம் டாலருக்குள் கைமாறும். அங்கே அதன் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு.

தெற்கு நோக்கி

ஏலத்தில் எடுப்பவர்களில் குவாத்தமாலாக்காரர்கள் பலர். வண்டிகளையும் பொருள்களையும் மெக்சிகோ வழியாகத் தரைமார்க்கமாகத் தாயகம் கொண்டுசேர்ப்பதே தொழிலாகக் கொண்டவர்களை டிரான்ஸ்மிகிராந்தே என்பார்கள். அவர்கள் வெறும் வண்டியாக ஓட்டிப் போவதில்லை. பிரிட்ஜ், சைக்கிள், மெத்தை, தையல் மெஷின், டயர் என்று அமெரிக்கா கழித்துவிட்டவற்றால் உள்ளே கூரைவரை நிரப்பிவிடுவார்கள். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஏறிக்கொள்ளும்.

டெக்சாஸின் தென்கோடியில் லாஸ் இண்டியோஸ் என்ற சிற்றூர். அதன் எல்லைப் பாலம் இந்த வணிகத்துக்குப் பேர்போனது. தாள் வேலை முடிய நாள்கணக்கில் காத்திருக்க நேரும். பிறகு மெக்சிகோ வளைகுடாக் கரையோரமாகத் தமாவ்லிபாஸ், வெராக்ரூஸ் மாநிலங்களைக் கடந்து, நாடு ஒடுங்கும் இடத்தில் பசிபிக் பக்கம் திரும்பி, சியாபாஸ் வழியாகச் சுச்சியாத்தே ஆறுவரை 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வழிப்பறிக் கும்பல்களுக்கும் லஞ்சம் கேட்கும் சீருடைகளுக்கும் பயந்து இரவில் கூட்டமாக நிறுத்திக்கொண்டு தூங்குவார்கள். இந்த ஓட்டுநர்களின் துணிச்சல் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் வருவதில்லை. மலைநாட்டின் போக்குவரத்தே அவர்கள் தோளில்தான் நிற்கிறது. ஆற்றைத் தாண்டினால் தெக்கூன் உமான். குவாத்தமாலா.

பட்டறை

தலைநகரை அடுத்த சியுதாத் கெட்சால் போன்ற இடங்களில் பாடி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. மார்க் கெண்டல் 2012இல் எடுத்த 'லா கமியோனெத்தா' என்ற ஆவணப்படம், ஒரே ஒரு வண்டியை அமெரிக்க ஏலத்திலிருந்து அங்கேயுள்ள பட்டறைவரை தொடர்ந்து போகிறது. பட்டறையில் நடப்பது மறுபிறப்புதான்.

கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாத அளவுக்கு நீளமாக இருந்தால், சேசிஸை அறுத்து, ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மீண்டும் வெல்டு வைத்துச் சேர்ப்பார்கள். சமவெளிப் புறநகரில் ஓடிய ஆட்டோமேட்டிக் கியர் மலைக்கு உதவாது. அதைக் கழற்றிவிட்டுக் கையால் போடும் கியர் பெட்டியை ஏற்றுவார்கள். கூரைமேல் நீளவாக்கில் லக்கேஜ் கேரியர், பின்னால் ஏணி. முகப்பில் பளபளக்கும் குரோம், ஏர் ஹாரன், வரிசை வரிசையாக விளக்குகள். உள்ளே தலைக்கு மேல் சாமான் தட்டும் பிடித்துக்கொள்ளக் கம்பியும்.

அப்புறம் பெயின்ட். பழைய மஞ்சளைத் தேய்த்து, பட்டி பார்த்து, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளி என்று பட்டை பட்டையாகப் பூசுவார்கள். மேலே நிறுவனத்தின் பெயர் வரும். மனைவியின் பெயரோ மகளின் பெயரோ ஒரு புனிதரின் பெயரோ சேர்ந்துகொள்ளும். முன் கண்ணாடியில் கடவுளுக்கு நன்றி. வழித்தடத்துக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப வண்ணம் மாறுவதால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டியும் தன் ஊர் வண்டியைத் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்வாள். வண்டியைச் சாலையில் இறக்குமுன் பாதிரியாரை அழைத்துப் புனித நீர் தெளிப்பதும் உண்டு.

இந்தத் தொழிலாளர்களைக் கலைஞர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. வேறொரு நாடு முடிந்தது என்று எழுதி மூடிய கணக்கை, வெல்டிங் கம்பியும் பெயின்ட் துப்பாக்கியும் கொண்டு அவர்கள் மறுபடி திறக்கிறார்கள்.

சாலை

மலைநாட்டின் முதுகெலும்பு சிஏ-1 என்ற நெடுஞ்சாலை. 1,500 மீட்டர் உயரத்திலுள்ள தலைநகரிலிருந்து மேற்கே ஏறி, சிமால்தெனாங்கோ, தெக்பான் வழியாகக் கெட்சால்தெனாங்கோவை நோக்கிப் போகிறது. கெட்சால்தெனாங்கோவை எல்லோரும் சேலா என்றே அழைப்பார்கள். நிறுத்தத்தில் "சேலா, சேலா, சேலா!" என்று தொண்டை கிழியக் கூவுகிறவன் அயுதாந்தே. ஓட்டுநரின் உதவியாள், நடத்துநர், சுமை தூக்குபவன், எல்லாம் அவனே. உங்கள் மூட்டையை ஒரே வீச்சில் கூரைக்கு ஏற்றிவிடுவான். வண்டி ஓடும்போதே ஏணியில் ஏறி முடிச்சைச் சரிபார்த்துவிட்டு, பின்கதவு வழியாக உள்ளே குதித்துக் காசு வசூலிக்கத் தொடங்குவான். சீட்டு என்று எதுவும் இல்லை. யார் எங்கே ஏறினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவன் நினைவில் இருக்கும்.

இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகல இருக்கைகள். சிறு பிள்ளைகள் மூவர் உட்காருவதற்கென்று செய்தவை. இங்கே மூன்று பெரியவர்கள். மூன்றாமவர் பாதி இருக்கையிலும் பாதி காற்றிலும் இருப்பார். நடைவழிக்கு அந்தப் பக்கத்தில் இன்னொருவருக்கும் அதே நிலை. வளைவில் வண்டி சாயும்போது இவர் தோள் அவருக்கு முட்டு, அவர் தோள் இவருக்கு முட்டு. அறிமுகமில்லாத இருவர் மணிக்கணக்கில் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு போகிறார்கள். ஏசி வேனில் சுற்றுலா போகிறவருக்குக் கிடைக்காத அனுபவம் இது. மலைநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு முறையாவது இந்த இருக்கையில் மூன்றாமவராக உட்கார வேண்டும் என்பேன்.

ஜன்னலுக்கு வெளியே செங்குத்தான சரிவுகளிலும் மக்காச்சோளம். உள்ளே பெண்கள் உடுத்திய வீப்பில் என்ற நெய்த மேலாடைகள். ஒவ்வொன்றின் பூவேலையும் ஒரு ஊரைச் சொல்லும். சிமால்தெனாங்கோ பக்கம் காதில் விழுவது காக்சிகெல் மொழி. மேற்கே போகப்போகக் கீச்சே. இன்னும் தள்ளி வடமேற்கில் மாம். குவாத்தமாலா ஏற்றுக்கொண்டுள்ள மாயா மொழிகள் 22. ஒரு பகல் பயணத்தில் மூன்று மொழி நிலங்களைக் கடந்துவிடலாம்.

லோஸ் என்குவென்ட்ரோஸ் என்ற சந்திப்பில் பாதி வண்டி காலியாகும். வடக்கே பிரியும் சாலை பெரும் பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கி ஏறி, சிச்சிகாஸ்தெனாங்கோவுக்குப் போகிறது. வியாழனும் ஞாயிறும் அங்கே சந்தை. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த சாந்தோ தொமாஸ் தேவாலயத்தின் படிகளில் பூ விற்பவர்கள் நிறைந்திருப்பார்கள். நடுவே கோப்பால் பிசின் புகை எழும். மாயா பூசகர்கள் தங்கள் வழிபாட்டையும் அங்கேயே செய்கிறார்கள். மாயாக்களின் படைப்புக் கதையான போபோல் வூவை 1700களின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமெனெஸ் என்ற பாதிரியார் படியெடுத்தது இந்த ஊரில் இருந்தபோதுதான். நமக்கு அந்நூல் கிடைத்தது அந்தப் படியால்.

தெற்கே பிரியும் சாலையில் சோலோலா ஊரைத் தாண்டியதும் வண்டி கிட்டத்தட்ட விழத் தொடங்கும். ஏரிக்கரையிலுள்ள பனஹசெல்வரை எட்டு கிலோமீட்டர். அதற்குள் 500 மீட்டருக்கு மேல் இறக்கம். ஓட்டுநர் பிரேக்கைவிடக் கியரை நம்பி இறங்குவார். வளைவுக்கு வளைவு அதித்லான் ஏரி விரிந்துகொண்டே வரும். மாபெரும் எரிமலை வெடிப்பில் குழிந்த நிலத்தில் நீர் நிரம்பி உண்டான ஏரி. 300 மீட்டருக்கு மேல் ஆழம். அக்கரையில் சான் பெத்ரோ, தோலிமான், அதித்லான் என்று மூன்று எரிமலைகள். கரையில் இறங்கினால் படகு காத்திருக்கும். ஏரிக்கரை ஊர்களுக்கும் எரிமலை ஏற்றங்களுக்கும் அங்கிருந்து போகலாம்.

லோஸ் என்குவென்ட்ரோஸிலிருந்து நேரே மேற்கில் போனால் அலாஸ்கா என்ற கணவாய். 3,000 மீட்டரைத் தாண்டும் அந்தக் கணவாயில் பைன் மரங்களை மூடியபடி மூடுபனி. வண்டிக்குள் எல்லோரும் போர்வையை இறுக்கிக்கொள்வார்கள். சிலிண்டருக்குள் காற்று மெலிந்து என்ஜின் முனகும். கறுப்புப் புகை பின்னால் நீளும். அந்தப் புகையைச் சாலையோரக் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் குவாட்ரோ கமினோஸ் என்ற சந்திப்பு. அதன் மேட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடும் சான் பிரான்சிஸ்கோ எல் ஆல்தோ. ஆடு, பன்றி, வான்கோழி, கோழி எல்லாம் கைமாறும் இடம். 'சிக்கன் பஸ்' என்று பயணிகள் வைத்த பெயர் பொருந்துவது சந்தை நாள் வண்டிகளுக்குத்தான்.

மலையேற வருகிறவர்களையும் இதே வண்டிகள்தான் அடிவாரம் சேர்க்கின்றன. ஆன்டிகுவா நகரின் சந்தைக்குப் பின்னாலிருந்து புறப்படும் வண்டி, லா சொலெதாத் கிராமத்தில் நிற்கும். அங்கிருந்து 3,976 மீட்டர் உயர அகதெனாங்கோ எரிமலை மீது ஏறினால், பக்கத்திலேயே ஃபுவேகோ எரிமலை இரவில் தீப்பிழம்பு கக்குவதைப் பார்க்கலாம். கண்டு களிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: 2018 ஜூன் 3 அன்று அதே ஃபுவேகோ நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்டது. இன்னும் வடமேற்கே, ஊவெஊவெதெனாங்கோவிலிருந்து குச்சுமத்தானெஸ் மலைத்தொடரில் ஏறும் வண்டி தோதோஸ் சாந்தோஸை அடையும். ஆண்கள் சிவப்புக் கோடு போட்ட கால்சட்டையை இன்றும் அன்றாட உடையாக அணியும் மாம் மக்களின் ஊர். நவம்பர் 1 அன்று அங்கே குதிரையோட்டம். நாள் முழுக்க இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிக்கொண்டே இருப்பார்கள். யார் ஜெயித்தார் என்ற கேள்விக்கு இடமில்லை.

சட்டம் வராத இடம்

இவ்வளவு அழகையும் எழுதிவிட்டு இங்கே நிறுத்தினால் அது நேர்மையாகாது. ஓட்டுநர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. முதலாளிக்குத் தினமும் கட்ட வேண்டிய தொகை போக மிஞ்சுவதுதான் கூலி. அதனால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் பயணியைப் பிடிக்க முன்வண்டியோடு போட்டி, வளைவில் முந்தல், அளவுக்கு மீறிய கூட்டம். தலைநகரிலும் அதைச் சுற்றிய தடங்களிலும் மரா சால்வத்ருச்சா, பாரியோ 18 என்ற கும்பல்கள் வண்டிக்கு இவ்வளவு என்று மாமூல் கேட்கின்றன. கொடுக்காததற்காக நூற்றுக்கணக்கான ஓட்டுநர்களும் உதவியாளர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கூவி அழைக்கும் அந்த இளைஞன் தினமும் உயிரைப் பணயம் வைத்துத்தான் ஏணியில் ஏறுகிறான்.

2025 பிப்ரவரி 10 அன்று அதிகாலை, தலைநகரின் பெலீஸ் பாலத்திலிருந்து நெரிசலான பேருந்து ஒன்று கீழே பள்ளத்தில் விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வண்டிக்கு வயது ஏறக்குறைய 30. ஓடுவதற்கான உரிமமும் இருந்தது. அதன்பிறகு வண்டிகளுக்குக் காப்பீட்டை அரசு கட்டாயமாக்கியது. செலவைத் தாங்க முடியாது என்று சாலைகள் மறிக்கப்பட்டன. அரசு பின்வாங்கியது.

இரண்டு தரப்பின் நியாயமும் எனக்குப் புரிகிறது. கந்தல் வண்டியை வைத்துப் பிழைப்பவருக்குப் பிரீமியம் கட்டப் பணமில்லை. பள்ளத்தில் விழுந்தவர்களின் பிள்ளைகளுக்கோ யாருமில்லை. ஆனால் வண்டியின் வரலாறு இதில் ஒரு பதிலைச் சொல்கிறது. கூரை நசுங்கக் கூடாது என்று அமெரிக்கா எழுதிய விதி இரும்பாக மாறி எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. எத்தனை பேர் ஏறலாம், எத்தனை மணி நேரம் ஓட்டலாம், பிரேக்கை யார் சோதிப்பது என்ற விதிகள் இரும்பாக மாறுவதில்லை. அவற்றை அந்தந்த நாடு தன் செலவில் தன் மக்களுக்காக உண்டாக்கிக் காக்க வேண்டும். ஓட்டுநருக்கு நிலையான கூலியும் மாமூல் கும்பலிடமிருந்து பாதுகாப்பும் தராமல், அவர் தலையில் மட்டும் காப்பீட்டைக் கட்டினால் நிற்காது.

இனி

மலையில் மேலும் பல ஆண்டுகள் ஓடியபின் வண்டிக்கு உண்மையான முடிவு வரும். அப்போதும் மொத்தமாகச் சாவதில்லை. என்ஜின் ஒரு வண்டிக்கு, அச்சு இன்னொன்றுக்கு, இருக்கை, கதவு, கண்ணாடி என்று பிரிந்து போகும். மிஞ்சியது இரும்பு வியாபாரியின் தராசுக்கு.

வடக்கேயும் காலம் மாறுகிறது. அமெரிக்காவின் 2021 உள்கட்டமைப்புச் சட்டம், பள்ளிப் பேருந்துகளைப் புகையற்றவையாகவோ புகை குறைந்தவையாகவோ மாற்ற ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. பழைய டீசல் வண்டியை மாற்றிக்கொள்வோர் அதை உடைத்து அழித்துவிட வேண்டும் என்பது முதல் சுற்றுகளில் முக்கிய நிபந்தனை. காற்றுக்கு நல்லது; நியாயமான நிபந்தனை. ஆனால் தெற்கே வரும் ஊற்று அதனால் மெல்லச் சுருங்கும். நாளை ஏலத்துக்கு வருவது தேய்ந்த பேட்டரியுடன் கூடிய மின்பேருந்தாக இருக்கலாம். 3,000 மீட்டர் கணவாயை அது ஏறுமா என்பது சியுதாத் கெட்சாலின் அடுத்த தலைமுறை மெக்கானிக்குகள் தீர்க்க வேண்டிய கணக்கு.

அவர்கள் தீர்ப்பார்கள் என்று நான் நம்புகிறேன். அடுத்தவர் கழித்த பொருளில் உயிர் காணும் கையும் கண்ணும் அவர்களிடம் குறைவில்லை. குவாத்தமாலாவுக்குப் போகிறவர்கள் பகலில் அந்த வண்டியில் ஏறுங்கள்; சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்; பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கொடுக்கிறாரோ அதையே கொடுங்கள்; நெருக்கிக்கொண்டு இடம் விடுங்கள். ஜார்ஜியாவில் ஒரு குழந்தைக்காகச் செய்த இருக்கை அது. அதே அக்கறையோடு சோதித்த பிரேக்கும், தூக்கம் தெளிந்த ஓட்டுநரும் சோலோலாவின் குழந்தைக்கும் உரியவை. அவை கிடைக்கும் நாளில்தான் அந்த வண்டி முழுமையாக ஊர் வந்து சேர்ந்ததாக ஆகும்.